ஆணிச் சட்டத்தில் ஒரு கல்யாண முக்காடு

நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் உங்கள் சலவைக்கூடத்தைப் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டீர்கள், வந்தேன். ஒரு பக்கம் அழுக்குத் துணியைப் போட்டால் மறுபக்கம் காய்ந்து வருகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, அதற்கென்ன. காபி கொடுத்து உட்காரவைத்து, வேலைக்குப் புதுசாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

மெஷினைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு இஸ்திரி மேசைப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஏதோ ஓட்டலின் மேசை விரிப்பு. நடுவில் கருகியிருந்தது. கருகல் உள்ளே போகும்படி மடித்தாள். திருப்தியில்லாமல் பிரித்து மறுபடி மடித்தாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கியது. அந்தத் தோளை நான் முன்பே ஒருத்தியிடம் பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்தது. ரெட்டியார்பாளையத்திலிருந்து தினமும் நடந்து டவுனுக்கு வந்து ஒரு சலவைக்கடையில் சேர்ந்தேன். என் மாமியார், "ஊரான் வீட்டு அழுக்கத் தொவைக்கவா உன்னக் கட்டிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். "அழுக்கு அவுங்களுது, வெளுப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கடையை நடத்தியவர் ஒரு பிரெஞ்சுத் தமிழர் வீட்டு அம்மா. மதாம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் கட்டிய பெரிய வீடுகளின் லேஸ் திரைகளும், மாதா கோயில் பீடத் துணிகளும் எங்களிடம்தான் வரும். லேஸைக் கொடியில் காயப்போட முடியாது. காயும்போது சுருங்கிக் கோணிக்கொள்ளும். அதற்காகவே ஒரு பெரிய மரச்சட்டம் இருந்தது. நாலு பக்கமும் நெருக்கமாகப் பித்தளை ஆணி. இரும்பாணி என்றால் துரு ஒட்டிவிடும். ஈர லேஸின் ஓரத்தை ஒவ்வொரு ஆணியிலும் மாட்டி, சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆணிச் சட்டம் என்போம்.

நான் சேர்ந்த புதுசில் லேஸை அதில் இழுத்துக் கட்டினேன், தம்புராத் தந்தி மாதிரி. பார்க்க அழகாக இருந்தது. மதாம் வந்து பார்த்தார். திட்டவில்லை.

"வள்ளி, தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட இறுக்கிப் பின்னியிருக்கியா?"

"பின்னியிருக்கேன் மதாம்."

"காயக் காய இன்னா ஆவும்?"

"மண்டைய வலிக்கும்."

"துணிக்கும் மண்டை உண்டு. ஈரத்துல கொஞ்சம் தொய்வா வுடு. காயும்போது அதுவே இழுத்துக்கும்."

அவ்வளவுதான் பாடம். அதற்கு மேல் அவர் எனக்கு எதையும் விளக்கியதில்லை. பின்னலைத் தளர்த்திக்கொண்டு லேஸையும் தளர்த்தினேன்.

என்னோடு வேலை பார்த்தவள் பிலோமினா. குருசுக்குப்பத்துக்காரி. என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். புருஷன் கடலில் போனவன் திரும்பவில்லை. ஒரே பெண், ஸ்டெல்லா. அந்தப் பெண்ணைச் சொல்தா வீட்டில் கேட்டு வந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்போம், உங்களுக்குத் தெரியும். பையனும் பிரான்சில் பட்டாளத்தில்தான் இருந்தான். லீவில் வந்தவன் ஸ்டெல்லாவைக் கோயிலில் பார்த்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டான்.

பிலோமினாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். குப்பத்திலேயே ஒருத்தி குழாயடியில் கேட்டாளாம், "மீன்கூடை தூக்குன தலைக்கு லேஸு முக்காடு நிக்குமாடி? நழுவிடப்போவுது." எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவளும் சிரித்துவிட்டு வந்து, கடையில் சோப்புத் தொட்டியோரம் அழுதாள்.

லேஸ் முக்காடு என்று அவள் சொன்னது அந்தக் குடும்பத்தின் கல்யாண முக்காட்டை. அந்த வீட்டு மருமகள் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டுதான் கோயில் படி ஏறியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா தானே கொண்டுவந்து கொடுத்தார். உயரமான மனுஷி, பேச்சு குறைவு. "பெட்டியிலயே கெடந்து பழுத்துப் போச்சு. வெளுத்துக் குடுங்க. ஸ்டெல்லா போட்டுக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிலோமினா அதைத் தொடக்கூட மாட்டேன் என்றாள். "நீயே செய் யக்கா. என் கை பட்டு ஏதாவது ஆச்சுன்னா கல்யாணமே நின்னுடும்."

நானே செய்தேன். நல்ல அடைமழைக் காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், பையனின் லீவும் முடிகிறது. தேதியைத் தள்ள வழியில்லை. மதாமோ கடலூரில் ஒரு சாவுக்குப் போனவர், ரோட்டில் தண்ணீர் நின்றதால் திரும்ப முடியவில்லை. போகும்போது கடைச் சாவியை என் கையில் கொடுத்து, "கேக்க ஆள் இல்லன்னா உன்னையே கேட்டுக்கோ" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். முக்காடு உள்கூடத்தில் ஆணிச் சட்டத்தில் இருந்தது. தொய்வாகத்தான் மாட்டியிருந்தேன். மழையில் காற்றே ஈரம், துணி காய்வேனா என்றது. கரி போட்ட சட்டியைத் தள்ளிவைத்து அனல் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நனைந்துகொண்டு பிலோமினா உள்ளே வந்தாள்.

"கல்யாண வூட்டுக்காரி இங்க இன்னாடி பண்றே?"

"வூட்ல உக்கார முடியல யக்கா. காஞ்சிடுச்சா?"

"காயும். போ."

போகவில்லை. அங்கேயே உட்கார்ந்தாள், எழுந்தாள், சட்டத்தைச் சுற்றி வந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

கடை வாசலில் இன்னொருத்தரும் இருந்தார். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிடையரான சார். சட்டை வாங்க வந்தவர் மழையில் மாட்டிக்கொண்டு எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிலோமினாவையும் சட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தவர் சொன்னார்:

"ஏம்மா, நீ இப்ப இருக்கிற நெலமைக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு. அது இந்தச் சட்டத்துலேர்ந்து வந்த வார்த்தை."

"இந்தச் சட்டத்துக்கா? இங்கிலீஷ்லயா?" என்றேன்.

"ஆன் டென்டர்ஹூக்ஸ். டென்டர்னா இந்த மாதிரி சட்டம், ஹூக்னா கொக்கி. அந்தக் காலத்துல அவுங்க ஊர்ல ஆட்டு மயிர்ல கம்பளித் துணி நெய்வாங்க. நெய்து முடிச்சதும் அலசுவாங்க. அப்படியே காயவிட்டா சுருங்கிப் போவும்ல? அதனால வெட்டவெளியில பெரிய பெரிய மரச்சட்டம் நட்டு, மேலயும் கீழயும் வளைஞ்ச ஆணி அடிச்சு, அதுல ஈரத் துணிய இழுத்து மாட்டிடுவாங்க. வயல் பூரா சட்டமா நிக்குமாம். இங்கயும் இழுக்கும், அங்கயும் இழுக்கும், நடுவுல துணி வெறைச்சுக்கிட்டு நிக்கும். சேதி இன்னா வருமோன்னு காத்துக்கெடக்கிற மனுஷனப் பாத்து, அவன் அந்தக் கொக்கியில இருக்கான்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சட்டமெல்லாம் போய் எவ்ளோ காலமோ ஆச்சு. வார்த்தை மட்டும் நின்னுடுச்சு."

"எங்ககிட்ட சட்டம் இருக்கு சார், வார்த்தைதான் இல்ல" என்றேன். "அங்கயும் மழை பெய்யுமா?"

"இதவிட ஜாஸ்தி."

"பாவம், எப்படித்தான் காய வெச்சாங்களோ."

அவர் சிரித்தார். பிலோமினா சிரிக்கவில்லை. "நாங்க முள்ளு மேல நிக்கறோம்னு சொல்லுவோம் சார்" என்றாள், சட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பின்கட்டுக்குக் கரி எடுக்கப் போனேன். கரி நனைந்திருந்தது. காய்ந்ததாகப் பொறுக்கிக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது. அதற்குள் மழை விட்டுக் காற்று கிளம்பியது. மழையில் போயிருந்த கரண்டும் வந்து மேலே காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. நல்லதாயிற்று என்று நினைத்தபடி உள்ளே வருகிறேன். முக்காடு தொய்வில்லாமல் பலகை மாதிரி நிற்கிறது. நான் மாட்டியது அப்படியல்ல.

கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, பழம்புடவை கிழிகிற மாதிரி சின்னதாக. மேல் மூலையில் ஓரம் ஆணிகளை விட்டு வந்து, கிழிசல் உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு ஓடியது.

பிலோமினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நடுவுல தொங்குச்சு யக்கா. கோணலா காஞ்சிடுமேன்னு... கொஞ்சமாத்தான் இழுத்து மாட்டினேன்."

அவள் வேலை தெரியாமல் செய்யவில்லை. எத்தனையோ திரைகளைத் தொய்வாக மாட்டிய கைதான் அது. பயம் வந்தால் கை தெரிந்ததை மறந்துவிடும், எதையாவது இறுக்கிப் பிடிக்கப் பார்க்கும். இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம், ஒருநாள் உங்கள் கையே உங்களுக்குச் சொல்லும்.

முதல் காரியமாக மற்ற எல்லா ஆணியிலிருந்தும் முக்காட்டைக் கழற்றினேன். இழுபட்டு நிற்கிற துணியில் கிழிசல் தானாக வளரும். கழற்றி மேசைமேல் தளர்வாகப் போட்டேன்.

"நாமளே தெச்சுடலாம் யக்கா" என்று என் கையைப் பிடித்தாள் பிலோமினா. "மூலைதானே, மடிப்புல போயிடும். யாருக்குத் தெரியப் போவுது? உன் கைக்குத் தையல் தெரியாதபடி வரும்."

வரும்தான். எனக்கு அந்தக் கை இருந்தது, பெருமையாகவே சொல்கிறேன். ஊசியை எடுத்திருந்தால் சாயங்காலத்துக்குள் முடிந்திருக்கும். சார் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கேட்க மதாமும் இல்லை.

என்னையே கேட்டுக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும்? அந்த வீட்டில் கல்யாணத்தையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். முந்தின நாள் நின்ற கல்யாணம் என்றால் ஸ்டெல்லாவைப் பிறகு யார் கேட்பார்கள்? கடைக்கும் கெட்ட பேர். சொல்லாவிட்டால்? நாளைக்குக் கோயிலில் எல்லாரும் பெண்ணைப் பார்ப்பார்கள், இவள் மட்டும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாளையோடு முடியுமா? முக்காடு மறுபடி அவர்கள் பெட்டிக்குள் போகும். என்றைக்கு எடுத்து யார் பார்ப்பார்களோ என்று ஆயுசுக்கும் இருப்பாள்.

அப்போதுதான் சார் சொன்ன வார்த்தை எனக்கு முழுசாகப் புரிந்தது. முள்ளின் மேல் நிற்கிறவன் நினைத்தால் காலை எடுத்து வெளியே வைக்கலாம். கொக்கியில் மாட்டிய துணியால் தானாக இறங்க முடியாது. யாராவது வந்து கழற்ற வேண்டும்.

"பிலோ, பொருள் அவுங்களுது. நமக்குத் தெரிஞ்சது அவுங்களுக்கும் தெரியணும். அதுவும் இப்பவே தெரியணும்."

"என் பொண்ணு வாழ்க்கைடி யக்கா!" முதல் தடவையாக என்னை 'டி' போட்டாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான்டி போறேன்."

கொஞ்ச நேரம் பிடித்தே இருந்தாள். பிறகு விட்டாள். "நான் வரமாட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை வீடு பக்கத்துத் தெருதான். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பலகார வாசனை. மாப்பிள்ளையின் அம்மா கை முழுக்க மாவோடு வந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் வாய் வராது என்று நின்றபடியே சொன்னேன்.

"முக்காடு கிழிஞ்சிடுச்சும்மா. எங்க கடையில, என் பொறுப்புல. சாக்கு ஒண்ணுமில்ல."

அவர் என்னைப் பார்த்தார். கையைக் கழுவினார், கண்ணாடியை எடுத்துக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். வழி நெடுக நான் பின்னால் போனேன். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடையில் பிலோமினா சுவரோடு ஒட்டி நின்றாள். அந்தம்மா மேசையருகே போய்க் கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு முக்காட்டை மெதுவாகச் சுழற்றி எதிர் ஓரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க வாங்க. இது தெரியுதா?"

குனிந்து பார்த்தேன். பூ வேலைக்கு நடுவில் ஒரு பழைய தையல். துவைத்தபோது என் கண்ணில்கூடப் படவில்லை.

"எங்க கல்யாணத்தன்னிக்குக் கோயில் கதவுல மாட்டிச்சு. நடந்துட்டேன், பர்ருன்னு போச்சு. மயக்கமே வந்துடுச்சு எனக்கு. எங்க மாமியா காதுகிட்ட வந்து திட்டினாங்க பாருங்க, பிரெஞ்சுல பாதி தமிழ்ல பாதி. அப்புறம் அவுங்களே ஒக்காந்து தெச்சாங்க." முக்காட்டைக் கீழே வைத்தார். "யார் கையில கிழிஞ்சுது?"

"என் கையிலதாம்மா" என்றேன்.

"இல்ல." சுவரோரத்திலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. "நான்தான்மா. அத அவுங்க நல்லாத்தான் மாட்டியிருந்தாங்க. நான்தான் இழுத்தேன்."

"அப்ப நீங்கதான் தெய்க்கணும் சம்மந்தி."

அந்த வார்த்தையை அவர் அதற்கு முன் சொன்னதில்லை. பிலோமினாவுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அந்தம்மா வாங்கித் தானே கோத்துக் கொடுத்தார்.

"எனக்கு லேஸு தெய்க்கத் தெரியாதும்மா."

"வலை தெச்சிருக்கீங்கல்ல?"

"எங்கப்பன் கூட ஒக்காந்து தெச்சிருக்கேன்."

"இதுவும் வலைதான். கண்ணி சின்னது, அவ்ளோதான்."

அதில் கேலி இல்லை. பிலோமினா நிமிர்ந்து அந்த முகத்தில் கேலியைத் தேடினாள், நானும் தேடினேன். இல்லை. பிறகு அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குப்பத்தில் வலை தைக்க உட்கார்கிற மாதிரி, கால் கட்டைவிரலில் ஓரத்தை மாட்டிக்கொள்ளப் போனவள் வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். "மாட்டிக்கங்க, காலக் கழுவிட்டு மாட்டிக்கங்க" என்றார் சம்மந்தியம்மா. கழுவிவிட்டு வந்து அப்படியே மாட்டிக்கொண்டாள். முதல் கண்ணிவரைக்கும்தான் தயங்கினாள். அப்புறம் அந்தக் கைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தம்மா எதிரில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள், எந்தச் சித்தப்பாவுக்குக் குடித்தால் வாய் நிற்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சு குறைந்த மனுஷி என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு.

சார் எப்போது போனார் என்று நாங்கள் கவனிக்கவில்லை. சட்டையை விட்டுவிட்டே போயிருந்தார்.

தையல் முடிந்ததும் மறுபடி நனைத்து, மறுபடி சட்டத்தில் மாட்டினேன், தொய்வாக. விடிவதற்குள் காய்ந்தது. ஸ்டெல்லா அதைப் போட்டுக்கொண்டு கோயில் படி ஏறினாள். முக்காடு நழுவவில்லை. குழாயடியில் சிரித்தவர்கள் முதல் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

மதாம் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கடையைத் திறந்ததும் பூட்டியதும் என் கைதான்.

நான் படித்த பள்ளிக்கூடம் அந்த ஒரு மத்தியானம். தெரியாத பாஷையில் என் சட்டத்துக்கு ஒரு பேர் இருப்பதைச் சொன்ன சாருக்கும், கையைக் கழுவிக்கொண்டு மழை விட்ட தெருவில் எனக்கு முன்னால் நடந்த அந்த அம்மாவுக்கும் நான் கடமைப்பட்டவள். அவர் வாசலிலேயே நின்று கத்தியிருக்கலாம். அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. பிள்ளைகளே, துணி கெட்டால் போய்ச் சொல்லுங்கள். உங்களிடம் ஒருத்தி வந்து சொன்னால், கத்துவதற்கு முன்னால் அவளை ஆணியிலிருந்து இறக்குங்கள். மற்றதெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும்.

எண்பதுகளில் அந்த முக்காடு மறுபடி எங்கள் கடைக்கு வந்தது. அந்த வீட்டு இளைய பிள்ளைக்குக் கல்யாணம். இந்தத் தடவை பெண்ணின் அம்மா காரைக்காலிலிருந்து வந்திருந்தார். சலவைக்கடைப் படியில் வந்து நின்றுகொண்டு, "ஜாக்கிரதையாப் பண்ணுவீங்கல்ல? அவுங்க வூட்டுப் பொருளு, ஏதாவது ஆயிட்டா..." என்று கேட்டார். தோள் காதுவரை ஏறியிருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் பிலோமினா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். முக்காட்டை விரித்து, முதலில் பழைய தையலைக் காட்டினாள். பிறகு தன்னுடையதைக் காட்டினாள்.

"இது என் சம்மந்தி கிழிச்சது. இது நான் கிழிச்சது" என்றாள். "உங்களுக்கும் எடம் இருக்கு. போங்க, போய் வயித்துக்குச் சாப்புடுங்க."